மணவாளக்குறிச்சி மணலும் ஒளிரும் முட்களும்

அத்தியாயம் 17

சென்ற அத்தியாயத்தைக் கல்லாங் எரிவாயு ஆலையில் நிறுத்தியிருந்தோம். 1864 மே 24, விக்டோரியா மகாராணியின் பிறந்தநாளன்று, சிங்கப்பூர்த் தெருக்களில் முதன்முதலாக எரிவாயு விளக்கு ஏற்றினார்கள். மஞ்சளாக, காற்றுக்கு அலைபாயும் சுடர் அது. பளீரென்ற வெள்ளை வெளிச்சத்துக்கு வழி கண்டவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக். பருத்தி நூல் வலையைத் தோரியம் உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்துக் கொளுத்தினால், நூல் எரிந்துபோய் மெல்லிய கூடு மட்டும் நிற்கும். சுடரின் சூட்டில் அந்தக் கூடு வெண்மையாக ஒளிரும். அதுதான் மேண்டில். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தால் வெளிச்சம் மிகுதி என்று 1891 வாக்கில் அவர் கண்டறிந்தார். பிற்காலத்தில் சிங்கப்பூர் இரவுக் கடைகளில் இரைந்துகொண்டிருந்த பம்பு விளக்குகளிலும், ஊரில் கல்யாண ஊர்வலத்தில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸ்களிலும் இருந்தது இதே கூடுதான்.

இந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் குமரிக் கடற்கரையில் போய் நிற்போம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது. கயிறு வந்த வழியைப் பிடித்துக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் இருந்தது. அதுவரை மேண்டில் ஆலைகளுக்குப் பெரிதும் தீனி போட்டது பிரேசில் மணல். குமரி மணலில் தோரியம் அதைவிட அதிகம். சில ஆண்டுகளுக்குள் உலகச் சந்தையில் மணவாளக்குறிச்சி மணலுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. முதல் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு ஜெர்மானியரை அந்தத் தொழிலிலிருந்து வெளியேற்றியது.

மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவில் வேறொரு பொருளும் கிடந்தது. 1907-ல் ஓட்டோ ஹான் அதைக் கண்டுபிடித்து மீசோதோரியம் என்று பெயரிட்டார். அதுவும் ரேடியத்தின் ஒரு வகைதான் என்பது பின்னால் தெளிவானது. மேரி கியூரியும் பியர் கியூரியும் 1898-ல் கண்டுபிடித்த ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். மீசோதோரியத்துக்கு ஆறு ஆண்டுகூட வேண்டாம். வேகமாகச் சிதைவதால் கொஞ்சம் இருந்தாலே கதிர்வீச்சு மிகுதி. மேண்டில் தொழிலின் கழிவிலிருந்து எடுப்பதால் விலையும் குறைவு. 'ஜெர்மன் ரேடியம்' என்று சொல்லி விற்றார்கள். அதை வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் ஒளிரும் சாயம் தயாரித்தவர்கள்.

சாயத்தின் சூட்சுமம் எளிது. துத்தநாக சல்ஃபைடு தூளில் ரேடியத்தை மிக மிகச் சிறிதளவு கலப்பார்கள். ரேடியம் விடாமல் கதிர்த்துகள்களை வீசிக்கொண்டிருக்கும். அவை மோதும்போதெல்லாம் துத்தநாக சல்ஃபைடு பச்சையாக மினுங்கும். வெயிலில் வைக்க வேண்டாம், மின்சாரம் வேண்டாம், இரவு முழுக்க ஒளிரும். பதுங்கு குழிக்குள் தீக்குச்சி கிழித்து மணி பார்க்க முடியாத போர்க்காலத்தில் இதற்குக் கேட்கவா வேண்டும்? கைக்கடிகாரம், திசைகாட்டி, விமானத்தின் உயரமானி என்று எல்லாவற்றின் முட்களிலும் எண்களிலும் இந்தச் சாயம் ஏறியது.

ஏற்றியவர்கள் பெண்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் 1917-ல் பெரிய பட்டறை ஒன்று இயங்கத் தொடங்கியது. பின்னாளில் அந்த நிறுவனத்தின் பெயர் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன். சாயத்தின் பெயர் 'அன்டார்க்'. மேசைகளில் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்களில் பதினான்கு வயதுச் சிறுமியரும் உண்டு. ஒவ்வொருத்தியும் தன் சாயத்தைத் தானே கலக்க வேண்டும். சின்னக் கிண்ணத்தில் தூளைப் போட்டு, தண்ணீரும் கருவேலம் பிசின் போன்ற ஒட்டும் பிசினும் விட்டுக் குழைப்பாள். ஒட்டக முடித் தூரிகையை அதில் தோய்த்து, எண்களின் மெல்லிய கோடுகளுக்குள் சாயத்தை நிரப்புவாள். இரண்டு மூன்று எண் எழுதுவதற்குள் தூரிகையின் நுனி விரிந்துவிடும். துணியில் துடைத்தால் சாயம் வீண். தண்ணீரில் அலசினாலும் வீண். உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கு என்று மேற்பார்வையாளர்களே சொல்லிக்கொடுத்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 முகப்புகள். ஒவ்வொரு முகப்புக்கும் பல தடவை தூரிகை வாய்க்குள் போய் வரும்.

இதனால் கெடுதல் ஏதும் உண்டா என்று அந்தப் பெண்கள் கேட்காமல் இல்லை. ஒன்றும் ஆகாது என்றார்கள். அது ரேடியத்தை மருந்தாக விற்ற காலம். ரேடியம் கலந்த நீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது கூந்தலிலும் பாவாடையிலும் படிந்த தூள் இருட்டில் ஒளிரும். விளையாட்டாக நகத்திலும் பல்லிலும் சாயம் பூசிக்கொண்டவர்கள்கூட உண்டு. அதே கட்டடத்தின் இன்னொரு பகுதியில் ரேடியத்தைக் கையாண்ட வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் பிடித்து வேலை செய்தார்கள். இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஆறாத இடம் இதுதான். ரேடியம் ஆபத்தானது என்ற விவரம் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து சாயம் பூசும் கூடத்துக்கு அது வந்து சேரவில்லை.

உடம்புக்குள் போன ரேடியத்தை எலும்பு கால்சியம் என்றே எண்ணி ஏற்றுக்கொள்ளும். வேதியியல் குணத்தில் இரண்டும் ஒரே குடும்பம். எலும்பில் போய் உட்கார்ந்த பிறகு அது உள்ளிருந்தபடியே ஆல்ஃபா துகள்களை வீசும். தோலுக்கு வெளியே இருந்தால் ஒரு தாள்கூட இந்தத் துகளை மறித்துவிடும். எலும்புக்குள் இருந்தால் மறிக்க எதுவும் இல்லை. முதலில் பல் ஆடும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. தாடை எலும்பு செத்து உதிரும். பிறகு இரத்தச்சோகை, இடுப்பெலும்பு தேய்வு, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து எலும்புப் புற்றுநோய்.

மோலி மாஜியா என்ற பெண்ணுக்கு வயது 24. பல்வலி என்று போனவளுக்குப் பல்லாகப் பிடுங்கிக்கொண்டே வந்தார் பல்மருத்துவர். ஒருநாள் வாய்க்குள் கைவிட்டபோது தாடை எலும்பே கையோடு வந்துவிட்டது. 1922 செப்டம்பரில் அவர் இறந்தார். சான்றிதழில் கிரந்தி நோய் என்று எழுதினார்கள். வேலை கொன்ற பெண்ணின் பெயரில் ஒழுக்கக்கேட்டுப் பழியையும் ஏற்றிவிட்டார்கள். அவருடைய சகோதரிகளும் அதே பட்டறையில் தூரிகை பிடித்தவர்கள். 1927-ல் உடலைத் தோண்டி எடுத்துச் சோதித்தபோது எலும்புகள் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருந்தன. கிரந்தியின் தடயமே இல்லை.

அதற்குள் மருத்துவம் விழித்துக்கொண்டிருந்தது. 1924-ல் நியூயார்க்கின் பல்மருத்துவர் தியோடர் ப்ளம் தன்னிடம் வந்த தாடை நோய்க்கும் இந்தச் சாயத்துக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். அதே ஆண்டு ஹார்வர்டிலிருந்து செசில் டிரிங்கரும் கேத்தரின் டிரிங்கரும் பட்டறையை நேரில் ஆராய்ந்து, நோய்க்குக் காரணம் ரேடியம்தான் என்று நிறுவனத்திடம் அறிக்கை கொடுத்தார்கள். நிறுவனம் அதை அமுக்கிவிட்டு, பெண்கள் நலமாக இருக்கிறார்கள் என்று திரித்த விவரத்தை மாநிலத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியது. 1925-ல் எஸ்ஸெக்ஸ் வட்டார மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் உயிரோடு இருந்த பெண்களின் மூச்சுக்காற்றையே அளந்தார். ரேடியம் சிதையும்போது பிறக்கும் ரேடான் வாயு அதில் வந்தது. சாயத்தில் ரேடியத்தோடு மீசோதோரியமும் கலந்திருந்ததை எழுதிவைத்தவரும் அவர்தான். ஆரஞ்ச் பட்டறையின் ரேடியம் அமெரிக்க மேற்குப் பகுதித் தாதுவிலிருந்து வந்தது. ஆனால் மீசோதோரியத்துக்கு மூலம் மோனசைட். மோனசைட் என்றால் அன்றைக்குப் பெரும்பாலும் இரண்டே கடற்கரைகள்: பிரேசில், திருவிதாங்கூர்.

வழக்குப் போட முன்வந்தவர் கிரேஸ் ஃபிரையர். அவருக்கு வக்கீல் கிடைக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின. நியூ ஜெர்சி சட்டப்படி பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இந்த நோயோ வேலையை விட்டு ஐந்தாறு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். சட்டத்தின் கணக்கும் எலும்பின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. 1927-ல் ரேமண்ட் பெர்ரி என்ற இளம் வக்கீல் வழக்கை ஏற்றார். கிரேஸோடு எட்னா ஹஸ்மன், கேத்தரின் ஷாப், மாஜியா சகோதரிகளான குவின்டா மெக்டொனால்ட், அல்பினா லாரிஸ் ஆகிய ஐவர். 1928 ஜனவரியில் விசாரணைக்கு வந்தபோது சத்தியப்பிரமாணத்துக்குக் கையைத் தூக்கக்கூட அவர்களால் முடியவில்லை. இந்த நிலையில், நிறுவனத் தரப்புச் சாட்சிகள் கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறார்கள் என்று வழக்கைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள்! பத்திரிகைகள் கொதித்தன. 1928 ஜூனில் சமரசம் ஆனது. ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகை, மருத்துவச் செலவு. குற்றத்தை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சாயத்தை உருவாக்கிய ஸபின் ஃபான் ஸோச்சோக்கி அதே ஆண்டு நவம்பரில் இரத்தம் வற்றி இறந்தார்.

இல்லினாய் மாநிலத்தின் ஓட்டாவாவில் இன்னொரு நிறுவனம் தன் பெண்களுக்கு ரகசியமாகச் சோதனை நடத்தி முடிவை மறைத்தது. அங்கே கேத்தரின் டோனஹூ படுக்கையில் கிடந்தபடி சாட்சி சொல்லி 1938-ல் வென்றார். வென்ற சில மாதங்களில் மறைந்தார்.

இந்தப் பெண்களின் எலும்பிலிருந்துதான் கதிரியக்கப் பாதுகாப்பின் முதல் அளவுகோல் பிறந்தது. ராப்லி எவன்ஸ் என்ற இயற்பியலாளர் அவர்களுடைய உடம்பில் தங்கிய ரேடியத்தை ஆண்டுக்கணக்கில் அளந்தார். 1941-ல் அமெரிக்கா ஒரு வரம்பு விதித்தது: தொழிலாளியின் உடம்பில் 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் ரேடியம் தங்கக்கூடாது. ஒரு கிராமை ஒரு கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. பின்னால் புளூட்டோனியத்தோடு வேலை செய்தவர்களுக்கு வரம்பு வகுத்தபோதும் இதையே அடிப்படையாக வைத்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் கதையில் இந்தச் சாயம் பட்டறை வழியாக அல்ல, பழைய சாமான் வழியாக வருகிறது.

தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால், ரோச்சோர் கால்வாயை ஒட்டி சுங்கை ரோடு சந்தை இருந்தது. வெல்ட் ரோடு, பிட் ஸ்ட்ரீட், பாசார் லேன் என்று நாலைந்து சந்துகளில் பாய் விரித்து வியாபாரம். 1930-களிலிருந்து நடந்த சந்தை. 2017 ஜூலை 10-ல் மூடினார்கள். திருட்டுச் சந்தை என்றும் அதற்குப் பெயர். பிரிட்டிஷ் படைகள் இருந்த காலத்திலும், அவை 1971-ல் விடைபெற்ற சமயத்திலும் இராணுவ உடுப்பு, காலணி, கருவிகள் எல்லாம் அங்கே விலைபோயின. பிற்காலத்தில் பழைய நாணயத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் பேர்போன இடம். வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிய கட்டுமானத் தொழிலாளி முதல், பழம்பொருள் சேகரிக்கும் பணக்காரர் வரை அந்தப் பாயின் முன்னால் குந்தியிருப்பார்கள்.

அந்தப் பாயில் கிடந்த 1950-களின் கடிகாரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வெள்ளை முகப்பு பழுத்து நிறம் மாறியிருக்கும். எண்களின் மேல் கடுகு நிறத்தில், சில இடங்களில் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், மேடிட்ட பொட்டுகள். முட்கள் நெடுநாள் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அவற்றுக்குக் கீழே முகப்பு கருகியதுபோல் நிழல் விழுந்திருக்கும். அது ரேடியம் சுட்ட தழும்பு. விளக்கை அணைத்துப் பார்த்தால் ஒளிராது. 'ரேடியம் செத்துப்போச்சு' என்பார் விற்பவர். செத்தது ரேடியம் அல்ல. ஓயாமல் மோதிய கதிர்த்துகள்கள் துத்தநாக சல்ஃபைடைச் சிதைத்துவிட்டன. ஒளிர்வது அதன் வேலை, அது முடிந்தது. ரேடியம் 1,600 ஆண்டுகளில் பாதியாகும் பொருள். எழுபது ஆண்டில் அது குறைந்தது நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே. ஒளி போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணுவதுதான் இங்கே பெரிய பிழை.

கண்ணாடி மூடியபடி கையில் கட்டியிருப்பவருக்கு ஆபத்து மிகச் சிறிது. நான் கவலைப்படுவது அதைத் திறப்பவரைப் பற்றி. சிராங்கூன் சாலையிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் ஐந்தடிப் பாதை ஓரம் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசைவிளக்கு, கண்ணில் செருகிய லென்ஸ் என்று உட்கார்ந்திருந்த வாட்ச் ரிப்பேர்க்காரர்களை இந்த வட்டாரத்தில் வளர்ந்த எவரும் மறக்கமாட்டார். பழைய பிசின் காய்ந்து, சாயம் பொரிந்து, முகப்பில் தூளாகக் கிடக்கும். தூசி கண்ட கை முதலில் செய்வது வாயால் ஊதுவது. ஊதிய தூள் மூக்குக்குத்தான் திரும்பும். முள்ளில் சாயம் பெயர்ந்திருந்தால் கத்தி முனையால் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். அதே மேசையில் தே தண்ணீர், அதே விரலால் ஒரு வடை. ஆரஞ்ச் பெண்களின் வாய்க்குள் போன அளவு இது அல்ல. அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் ரேடியம் உள்ளே போகும் வழி அதேதான். பிரிட்டனில் நார்தாம்ப்டன், கிங்ஸ்டன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் முப்பது பழைய கடிகாரங்களை ஓர் அறையில் வைத்து அளந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த அறையில் சேர்ந்த ரேடான் அங்குள்ள வரம்பைப் பன்மடங்கு தாண்டியிருந்தது. காற்றோட்டம் இல்லாத அறையில் இழுப்பறை நிறையப் பழைய முகப்புகளை வைத்திருக்கும் சேகரிப்பாளர்களும் ரிப்பேர்க்காரர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

தற்காத்துக்கொள்ளச் செலவு அதிகம் இல்லை. ஊதக்கூடாது, சுரண்டக்கூடாது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து அந்தப் பஞ்சைத் தனிப் பையில் கட்ட வேண்டும். கையுறை, முகக்கவசம், திறந்த சன்னல், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். அந்த மேசையில் உணவே கூடாது. முகப்பின் அடியில் ஆறு மணிக்குக் கீழே பொடி எழுத்தில் 'டி ஸ்விஸ் டி' என்றிருந்தால் அது 1960-களுக்குப் பிறகு வந்த டிரிட்டியம் சாயம்; பாதியாவதற்கு 12 ஆண்டுகள்தான் ஆகும், கதிரும் மிக மெலிது. 1993-ல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கிய லூமினோவாவில் கதிரியக்கமே இல்லை. முஸ்தஃபா கடையில் இன்று வாங்கும் ஒளிரும் கடிகாரம் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. வெளிச்சத்தைக் குடித்து வைத்திருந்து பிறகு விடும்.

சிங்கப்பூர் 1973-ல் கதிரியக்கப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில்தான் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. தொழில்மயமாக்கத்தின் வேகத்தில் ஜூரோங் நிமிர்ந்துகொண்டிருந்த காலம். கதிரியக்கப் பொருளை இறக்குமதி செய்யவும் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் உரிமம் வேண்டும் என்பது அன்றிலிருந்து இருக்கும் ஏற்பாடு. 2007-ல் புதிய சட்டம் வந்தது. பொறுப்பு தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் போனது. அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய், மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இருக்கிறது. மோலி மாஜியாவின் சான்றிதழில் எழுத மறுத்த காரணத்தை இங்கே மருத்துவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சட்டம் இன்று தமிழர்களைத் தொடும் இடம் ஒன்று உண்டு. திருச்சியிலோ சென்னையிலோ என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் முறை) படித்துவிட்டு இங்கே கப்பல் பட்டறைக்கும் எண்ணெய் ஆலைக்கும் வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர். குழாயில் போட்ட வெல்டிங் சரியா என்று இரிடியம்-192 கதிரால் படம் எடுப்பது அவர்கள் வேலை. ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவில், கயிறு கட்டி எல்லை வகுத்துக்கொண்டு செய்வார்கள். சட்டையில் குத்தியிருக்கும் சின்ன பேட்ஜ் அவர்கள் வாங்கிய கதிரின் அளவைப் பதிவு செய்யும். அந்த எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. தம்பிமார்களே, கேளுங்கள். பேட்ஜைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வேலை பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆரஞ்ச் பெண்களிடம் மறைத்தது சரியாக இந்த எண்ணைத்தான்.

மோனசைட்டின் கதை இன்னும் முடியவில்லை. குமரியில் கடல் ஒதுக்கிய அதே கனிமம், மலேசியாவின் பேராக்கில் வெள்ளீயச் சுரங்கங்களின் கழிவு மணலிலும் கிடந்தது. அமாங் என்பார்கள். 1982-ல் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை அதை அரைக்கத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கசெய் அதில் பங்குதாரர். தோரியம் கலந்த கழிவு ஊருக்குப் பக்கத்திலேயே குவிந்தது. 1985-ல் ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அந்த மக்களுக்காக வாதாடினார். 1987 அக்டோபரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். 1992 ஜூலை 11-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை மாற்றியது. அப்படியும் ஆலை ஏன் மூடியது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)